150 இடங்கள், ஓட்டும்போதெல்லாம் வேறு விடை: ஜெனடிக் அல்காரிதம் சொல்வதை நம்பி டவர் வைக்கலாமா?

கேட்டவர் இன்ஜினியரிங் கடைசி வருட மாணவர் போலிருக்கிறது. அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "ஒரு மாவட்டத்தில் மொபைல் டவர் வைக்கத் தோதான 150 இடங்களைக் குறித்துக்கொண்டு, குறைந்த டவரில் அதிக கவரேஜ் கிடைக்க ஜெனடிக் அல்காரிதம் எழுதினேன். ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு விடை வருகிறது. கம்பெனிகள் நிஜமாகவே இப்படித்தான் திட்டமிடுகின்றனவா, இல்லை இதெல்லாம் ஆய்வுக் கட்டுரையோடு சரியா?" பார்க்க இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த விடையை நம்பிக் காசு போடலாமா? ஆர்எஃப் பிளானிங்கில், அதாவது டவர் எங்கே, அலைவரிசை எது என்று திட்டமிடும் வேலையில், 2ஜி காலத்தில் நுழைந்து 4ஜி வரை வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். 5ஜியின் பீம் சம்பந்தப்பட்ட வேலைகளில் நான் கை வைத்ததில்லை. அந்தப் பக்கம் அதிகம் போக மாட்டேன்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் டவர் உண்டு அல்லது இல்லை என்று 150 இடங்களுக்கு முடிவெடுத்தால், மொத்தம் எத்தனை விதமான திட்டங்கள் வரும் என்பதே 46 இலக்க எண். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே ஏதாவது ஒரு குறுக்குவழித் தேடல் வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் 1975-இல் முழு வடிவம் கொடுத்த ஜெனடிக் அல்காரிதம் அப்படிப்பட்ட தேடல்களில் ஒன்று. சில பத்துத் திட்டங்களைக் குருட்டாம்போக்கில் உருவாக்கு (இதுதான் கூட்டம்), ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடு, நல்லவற்றை இரண்டிரண்டாக (இவை பெற்றோர்) கலந்து புதியவற்றை உண்டாக்கு, அவ்வப்போது ஓரிரு இடத்தில் சும்மா மாற்றிப் பார், மோசமானதைக் கழி. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான், ஒவ்வொரு சுற்றும் ஒரு தலைமுறை. எழுதினால் நூறு வரிகூட வராது. இது எங்கேயும் "இதைவிட நல்ல விடை கிடையாது" என்று உத்தரவாதம் தராது. இதுவும் உறுதி.

இந்த நூறு வரியில் என் கண் முதலில் போவது மதிப்பெண் போடும் வரிக்குத்தான். இந்தத் துறையில் பலரும் எடுத்துச் சோதிக்கும் பயிற்சிக் கணக்கு ஒன்று உண்டு. பக்கத்துக்கு 287 புள்ளி உள்ள ஒரு சதுர நிலம், அதில் 149 இடங்கள். ஒரு டவர் வைத்தால் 41-க்கு 41 புள்ளியுள்ள சதுரத்துக்கு சிக்னல் போகும். அந்த 149 இடங்களில் 49 மட்டும், 7-க்கு 7 என்று இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் நிலம் முழுவதையும் மூடிவிடும். மீதி 100 இடங்கள் அல்காரிதமைக் குழப்புவதற்கென்றே போட்டவை. இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மதிப்பெண், கவரேஜ் சதவீதத்தின் வர்க்கத்தை டவர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. சரியான 49 டவருக்கு 100 × 100 ÷ 49, அதாவது 204.08.

வர்க்கம் எதற்கு என்று யோசித்தீர்களா? அது இல்லாமல் வெறும் கவரேஜை டவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 49 டவருக்கு 100 ÷ 49, அதாவது 2.04. அந்த 49-இல் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்தாலும் கவரேஜ் 2.04 சதவீதம், வகுத்தால் அதே 2.04. மாவட்டம் முழுக்க சிக்னல் தரும் திட்டமும், ஒரே ஒரு டவரை நட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் திட்டமும் சமம் என்று ஆகிவிடும்! அல்காரிதம் அதில் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதன் மேல் தப்பு சொல்ல முடியாது. வர்க்கம் போட்டதும் ஒற்றை டவருக்கு 4.16 தான் கிடைக்கிறது, அந்தக் கோளாறு தீர்ந்தது. ஆனால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. 49-இல் ஒன்றைக் குறைத்தால் கவரேஜ் 97.96 சதவீதம், மதிப்பெண் 199.92. அதற்குப் பதில் 49-உடன் பிரயோஜனமில்லாத ஒரு டவரைக் கூடுதலாகச் சேர்த்தால் 10000 ÷ 50, சரியாக 200. ஆக, இந்தச் சூத்திரத்தின் கண்ணில் 2 சதவீத நிலத்தில் சிக்னலே இல்லாமல் போவதும் ஒரு டவர் காசு வீணாவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு நஷ்டம். அந்த 2 சதவீதம் வயல்வெளி என்றால் பரவாயில்லை. பேருந்து நிலையமும் அரசு ஆஸ்பத்திரியும் அதில் இருந்தால்? அதனால் பரப்பளவை எண்ணாதீர்கள், அந்தப் புள்ளியில் எவ்வளவு பேச்சும் டேட்டாவும் போகும் என்ற எடையை எண்ணுங்கள். டவர் எண்ணிக்கைக்குப் பதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆகும் செலவைப் போடுங்கள். மொட்டை மாடியில் கம்பம் நடுவதும், புதிதாக நிலம் பிடித்து 40 மீட்டர் டவர் எழுப்புவதும் ஒரே செலவாக முடியாது.

அடுத்தது, ஓட்டும்போதெல்லாம் விடை மாறுகிறதே என்ற உங்கள் கவலை. இதில் பாதி நல்ல செய்திதான். நிஜ நிலப்பரப்பில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கும் திட்டங்கள் ஏராளமாக இருக்கும். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு இடங்கள் இருந்தால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அதனால் விடை மாறுகிறதா என்பதைவிட எந்தப் பகுதி மாறுகிறது என்று பாருங்கள். 20 தடவை வெவ்வேறு தொடக்க எண் கொடுத்து ஓட்டி, ஒவ்வொரு இடமும் எத்தனை தடவை தேர்வானது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 20-க்கு 20 வந்த இடங்களை உறுதியானவை என்று எடுத்துக்கொள்ளலாம். பிளானர் ஒருவர் மேப்பைப் பார்த்தே அவற்றில் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடுவார். பத்துப் பன்னிரண்டு தடவை வந்தவை ஒன்றுக்கொன்று மாற்று. களத்தில் இந்த இரண்டாவது பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம். டவருக்கு இடம் பிடித்துத் தரும் சைட் அக்விசிஷன்காரர் போய் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு, "சார், அவர் தர மாட்டேங்கிறார், அக்கம்பக்கத்தில் கதிர்வீச்சு என்று சண்டை போடுகிறார்கள்" என்று திரும்பி வருவது அன்றாடக் கதை. அப்போது அடுத்த இடம் எது என்பது கையில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணே தடவைக்குத் தடவை பெரிதாக ஏறி இறங்கினால் அது வேறு விஷயம். தேடல் பாதியிலேயே எங்கோ மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் அந்த மாட்டல் கலப்பு செய்யும் முறையிலிருந்து வரும். புத்தகத்தில் உள்ளபடி, டவர் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0 என்று 150 பிட்டுகளை வரிசையாக வைத்து நடுவில் ஓரிடத்தில் வெட்டி, ஒரு பெற்றோரின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டியிருப்பீர்கள். உங்கள் 150 இடங்களும் எந்த வரிசையில் இருக்கின்றன? எக்செலில் ஊர்ப் பெயரின் அகரவரிசையில் என்றால், அந்த வெட்டுக்கு நிலத்தில் எந்தப் பொருளும் இல்லை. அருகருகே ஒத்துழைத்து ஒரு பகுதியை அழகாக மூடிய நான்கு டவர்களை அது சிதைத்துவிடும். இதற்கு மேப்பில் குருட்டாம்போக்கில் ஒரு கோடு கிழியுங்கள், ஏதாவது ஒரு கோணத்தில். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள டவர்களை ஒரு பெற்றோரிடமிருந்தும் அந்தப் பக்கத்தை மற்றதிடமிருந்தும் எடுங்கள். அப்போது குளறுபடி கோட்டை ஒட்டிய இடங்களில் மட்டும்தான் வரும், அதை ஒரு சின்ன உள்ளூர்த் தேடல், அதாவது ஓரிரு டவரை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பது, சரிசெய்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கே விடை எவ்வளவு மேம்படுகிறது என்று பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

டவர் வைப்பது பாதிக் கதைதான். 2ஜி காலத்தில் எங்களை அதிகம் படுத்தியது அலைவரிசைப் பங்கீடு. 2ஜி தொழில்நுட்பமான ஜிஎஸ்எம்மில் ஒரு அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். இந்தியாவில் கம்பெனிகளுக்குத் தொடக்கத்தில் கிடைத்த அலைக்கற்றை 4.4 மெகாஹெர்ட்ஸ், அதாவது 22 அலைவரிசை. அப்புறம் 6.2 கிடைத்தவர்களுக்கு 31. இதை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் நூற்றுக்கணக்கான செக்டர்களுக்கு (ஒரு டவரில் ஒவ்வொரு திசைக்கும் உள்ள பகுதி) பங்கு போட வேண்டும். கூப்பிடு தூரத்தில் உள்ள இரண்டு செக்டருக்கு ஒரே அலைவரிசை எண் விழுந்தால் குரல் கரகரக்கும். தேவையான சிக்னல் இடையூறைவிடக் குறைந்தது 9 டெசிபல் அதிகம் இருக்க வேண்டும் என்பது தரவிதி. பிளானர்கள் பொதுவாக 12 வைத்துக்கொள்வார்கள். வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணிதப் புதிரின் கடினமான வடிவம் இது, துல்லியமான விடைக்கு வேகமான வழி எதுவும் தெரியாத ரகம்.

இதற்கும் ஒரு புகழ்பெற்ற பயிற்சிக் கணக்கு உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரை வைத்து உருவானது. 21 அறுகோணச் செல்கள் (செல் என்பது ஒரு ஆன்டெனா சேவை தரும் பகுதி), மொத்தத் தேவை 481 இணைப்புகள். அதன் முதல் வடிவத்துக்கு 427 அலைவரிசைக்குக் குறைந்து முடியாது என்று நிரூபித்திருக்கிறார்கள். ஜெனடிக் அல்காரிதம் கட்டுரைகள் பலவும் "நாங்கள் 427-ஐ எட்டிவிட்டோம்" என்று முடியும். அது உண்மைதான், ஆனால் அதில் மயங்க வேண்டாம். எந்தக் கம்பெனியும் "எனக்கு 427 வேண்டும்" என்று அரசிடம் போய் வாங்கிக்கொண்டு வர முடியாது. கையில் இருப்பது 31 என்றால் 31-தான். அதற்குள் இடையூறு எவ்வளவு குறையும் என்பதுதான் நிஜக் கேள்வி, அது வேறு கணக்கு. அந்தக் கணக்கில் வெறும் ஜெனடிக் அல்காரிதம், சிமுலேட்டட் அனீலிங், டாபு தேடல் போன்ற ஒற்றைத் திட்டத்தை வைத்துத் திருத்திக்கொண்டே போகும் முறைகளிடம் பெரும்பாலும் தோற்கும். உள்ளூர்த் தேடலைச் சேர்த்துவிட்டால் போட்டிக்கு வந்துவிடும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன்டூன் கோலன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். இரண்டு பெற்றோரைக் கண்ணை மூடிக்கொண்டு கலக்காமல், ஒவ்வொரு ரேடியோ இணைப்புக்கும் இந்தப் பெற்றோரின் எண்ணா அந்தப் பெற்றோரின் எண்ணா என்ற சிறிய கேள்வியாகச் சுருக்கி, அந்த இரண்டு பேருக்கும் பிறக்கக்கூடிய மிகச் சிறந்த குழந்தையைக் கணிதமுறையில் தேடிக் கண்டுபிடித்தார். பிரெஞ்சு ராணுவத் தரவுகளின் மேல் அந்த முறை மிக நல்ல விடைகளைக் கொடுத்தது. கலப்பில் மூளையைப் போட்டால் பலன் உண்டு என்பதற்கு அது போதும்.

களத்தில் என்ன நடந்தது? அலைவரிசைத் தாவல் வந்த பிறகு, அழைப்பு ஒரே எண்ணில் நிற்காமல் பல எண்களில் மாறி மாறிப் போக ஆரம்பித்தது, இடையூறு எல்லோருக்கும் பரவலாகப் பிரிந்தது. செல்லின் அடையாள அலைவரிசைக்கு மட்டும், 31-இல் ஒரு டஜனுக்குச் சற்று மேல் ஒதுக்கிவைத்துக் கவனமாகத் திட்டமிட்டால் போதும் என்று ஆயிற்று. ஒரு ரேடியோ நுட்பம் வந்து, அல்காரிதம் தீர்க்க வேண்டிய பிரச்சினையில் பாதியைக் காணாமலே ஆக்கிவிட்டது. 4ஜியில் எல்லா செல்லும் ஒரே அலைக்கற்றையைப் பயன்படுத்துகின்றன, அலைவரிசைப் பங்கீடு என்ற வேலையே பெருமளவு போய்விட்டது. அதன் இடத்தில் பிசிஐ எனப்படும் செல் அடையாள எண் வந்து உட்கார்ந்தது. 4ஜியில் 504, 5ஜியில் 1008. ஒரே எண் இரண்டு பக்கத்துச் செல்லுக்கு வரக் கூடாது, ஒரு செல்லின் இரண்டு அண்டைச் செல்களுக்கும் ஒரே எண் இருக்கக் கூடாது, 3-ஆல் வகுத்தால் வரும் மீதி பக்கத்துப் பக்கத்தில் ஒன்றாக வராமல் இருந்தால் நல்லது. இதற்கு ஜெனடிக் அல்காரிதம் எழுதிய கட்டுரைகள் நிறைய. என் அபிப்பிராயத்தில் இதற்கு அவ்வளவு தேவையில்லை. எண்கள் தாராளமாக இருப்பதால், அந்தந்தப் படியில் சிறந்ததாகத் தெரிவதை எடுத்துக்கொண்டே போகும் சாதாரணப் பேராசை முறையே பெரும்பாலும் போதும்.

ஜெனடிக் அல்காரிதமுக்கு நிஜமாகவே வேலை இருக்கும் இடம் என்று நான் நினைப்பது ஆன்டெனா டில்ட்டும் திசையும். 100 சைட், ஒவ்வொன்றிலும் 3 செக்டர், ஒவ்வொரு ஆன்டெனாவும் 0 முதல் 10 டிகிரி வரை எவ்வளவு குனிய வேண்டும்? குனிந்தால் பக்கத்துச் செல்லுக்கு இடையூறு குறையும், ஆனால் தூரத்து வீட்டுக்கு சிக்னல் போகாது. ஒன்றை மாற்றினால் அண்டையில் நாலைந்து செல்கள் ஆடும். இதற்கு நேர்த்தியான சமன்பாடு எழுத முடியாது. சிமுலேட்டருக்குள் போட்டு என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் வழி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே வெளியே வரும் எண்ணை மட்டும் வைத்துத் தேட இந்த முறைக்கு வரும். கவரேஜ் ஒரு பக்கம், இடையூறு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று இழுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கலக்காமல், ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று கூடும் என்ற நிலையில் உள்ள திட்டங்களை மொத்தமாகப் பட்டியல் போடவும் முடியும். அதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் என்எஸ்ஜிஏ-2 என்ற ஜெனடிக் அல்காரிதம் ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேப் குழு உருவாக்கி 2002-இல் வெளியிட்டது. பைத்தானில் தயாராகக் கிடைக்கிறது, நீங்களே எழுத வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் என்றால் கட்டுரைகளில் அதிகம் வராத ஒரு கணக்கைச் சேர்க்க வேண்டும்: இப்போதைய நிலையிலிருந்து எத்தனை மாற்றம்? 300 செக்டரில் 280-ஐ மாற்றச் சொல்லும் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார். கம்பம் ஏறி கையால் திருப்ப வேண்டிய டில்ட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அறையில் உட்கார்ந்தே மாற்றும் டில்ட்டுக்கு ஒரு கட்டளை போதும். இரண்டுக்கும் வேறு வேறு அபராதம் வைத்து, "அதிகபட்சம் 15 மாற்றம், அதில் எவ்வளவு தேறும்?" என்று கேளுங்கள். நடைமுறையில் யாரும் ஏற்கக்கூடிய விடை அப்படித்தான் வரும்.

இனி சந்தேகமான பக்கம். உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் சிக்னல் எவ்வளவு தூரம் போகும் என்ற மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. பெரும்பாலும் ஒகுமுரா-ஹாட்டா சூத்திரம் போட்டிருப்பீர்கள். டோக்கியோவில் ஒகுமுரா குழு அளந்து 1968-இல் வெளியிட்ட வளைவுகளை ஹாட்டா 1980-இல் சூத்திரமாக்கினார். அது 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ், 1 முதல் 20 கிலோமீட்டர், டவர் உயரம் 30 முதல் 200 மீட்டர் வரைக்கும் செய்யப்பட்டது. நெருக்கமான நகரத்தில் 300 மீட்டருக்கு ஒரு மாடி சைட், 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி என்றால் அந்த எல்லைகளைத் தாண்டியாயிற்று. எல்லைக்குள்ளேயே இருந்தாலும், அந்த ஊரில் வண்டியில் போய் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் எடுத்துச் சரிசெய்த பிறகும், மதிப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் 8 டெசிபல் போல விலகல் இருப்பது சர்வ சாதாரணம். இதை வைத்துக்கொண்டு "திட்டம் அ 94.6 சதவீதம், திட்டம் ஆ 94.2, ஆகவே அ சிறந்தது" என்று சொல்வது விறகு நிறுக்கும் தராசில் தங்கத்தை நிறுப்பது போலத்தான். ஒரு சோதனை செய்யுங்கள். சிக்னல் மதிப்புகளில் 8 டெசிபல் விலகலோடு கூடிய தற்செயல் பிழையைச் சேர்த்து, நூறு தடவை இரண்டு திட்டத்தையும் மறுபடி மதிப்பிடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் பிழை ஒன்றோடொன்று சேர்ந்தே நகரும்படி போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சராசரியாகிக் காணாமல் போய்விடும். அ, ஆ இரண்டின் இடமும் மாறி மாறி வந்தால் இரண்டும் ஒன்றுதான். வாடகை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

சூத்திரத்துக்குள் வராத தடைகளும் உண்டு. இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து டவர் கதிர்வீச்சு வரம்பு சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-இல் 0.9. எதிர் மாடி ஆன்டெனா உயரத்துக்கே வந்துவிட்டால் அந்த இடம் கழிந்தது. ஃபைபர் வராத இடம், கரண்ட் அடிக்கடி போகும் இடம், வழக்கில் மாட்டிய நிலம் என்று வேறு சிலவும் வரும். இவற்றை மதிப்பெண்ணில் அபராதமாகப் போடுவதைவிட முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது மேல். 150 என்பது 110 ஆகிவிடும், தேடலும் சுலபமாகும்.

கம்பெனிகள் பயன்படுத்துகின்றனவா என்ற கேள்விக்கு: தானியங்கித் திட்டமிடல் பகுதி உள்ள வணிக மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன, இது உறுதி. அந்தப் பகுதிக்குள் ஓடுவது ஜெனடிக் அல்காரிதமா, அனீலிங்கா, இரண்டும் கலந்ததா என்பதைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் முழுதாகத் திறந்து காட்டுவதில்லை. 1990-களில் ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டங்களிலேயே பிரான்ஸின் வோஜ் மலைப்பகுதித் தரவை வைத்து, பல கணினிகளில் தனித்தனிக் கூட்டங்களாக ஓடும் ஜெனடிக் அல்காரிதமைச் சோதித்திருக்கிறார்கள். ஆக, வெறும் காகித வித்தை என்று ஒதுக்க முடியாது. கட்டுரைகளில் வரும் "இத்தனை சதவீதம் மிச்சம்" என்ற எண்களைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். குருட்டாம்போக்குத் திட்டத்தோடு ஒப்பிட்டால் யாரும் ஜெயிக்கலாம். உங்கள் புராஜெக்டில் குறைந்தபட்சம், ஒவ்வொரு படியிலும் அதிகம் தேறும் டவரைச் சேர்த்துக்கொண்டே போகும் பேராசை முறையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். டவர் தேர்வில் அது சுலபத்தில் தோற்காது. அதன் விடையையே தொடக்கக் கூட்டத்தில் ஒருவராகப் போட்டுவிடுவதும் நல்ல வழக்கம்.

கடைசியில் கேட்டிருந்த சின்னக் கேள்வி, கூட்டத்தில் எத்தனை பேர், எத்தனை தலைமுறை என்பது. 150 பிட்டுக்கு 100 பேரில் ஆரம்பியுங்கள், பிட்டுக்கு 150-இல் ஒன்று என்ற அளவில் மாற்றம். சிறந்த மதிப்பெண் ஐம்பது தலைமுறையாக அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு தொடக்கத்தில் ஓட்டுங்கள். நேரமெல்லாம் கவரேஜ் கணக்கிடுவதில்தான் போகும். ஒவ்வொரு இடத்தின் கவரேஜையும் முதலிலேயே ஒரு பிட் வரிசையாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் ஒரு திட்டத்தை மதிப்பிட அவற்றை அல்லது-கணக்கு (OR) போட்டால் போதும், பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் ஒரே வரி. இடையூறையும் சேர்த்தால் அந்தச் சலுகை கிடையாது. புள்ளிக்குப் புள்ளி எந்த டவர் பலமானது, மற்றவை எவ்வளவு கெடுக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் முதல் சுற்றில் புள்ளிகளை 100 மீட்டர் இடைவெளியில் வைத்து ஓட்டி, தேறும் நாலைந்து திட்டங்களை மட்டும் 20 மீட்டரில் மறுபடி சோதியுங்கள்.